தேயிலை மலையில் வரியும் முதுமைக் காப்பும்

வரியைக் கட்டுபவர் ஒருவர், அதைச் சுமப்பவர் வேறொருவர் என்பது பொருளியலின் பழைய பாடம். அரசுக்குப் பணம் செலுத்துவது கடையாக இருக்கலாம், தொழிற்சாலையாக இருக்கலாம். அந்தப் பணம் கடைசியில் யாருடைய வருமானத்திலிருந்து குறைகிறது என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை, சந்தைதான் தீர்மானிக்கிறது. விலையை ஏற்றும் வலு உள்ளவர் வரியை வாங்குபவரிடம் தள்ளிவிடுவார். அந்த வலு இல்லாதவர் தன் லாபத்திலோ கூலியிலோ அதை ஏற்பார். தொழிலாளியின் முதுமைக்காக முதலாளி கட்டும் பங்குக்கும் இதே விதிதான். இந்த விதி வேலை செய்யும் விதத்தை நீலகிரியில், அதிலும் மஞ்சூரைச் சுற்றிய குந்தாப் பகுதியில், வெளிப்படையாகக் காணலாம்.

இங்கு தேயிலையை நம்பி வாழ்பவர்கள் மூன்று வகையினர். அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ வைத்துப் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்கு விற்கும் சிறு விவசாயிகள் முதல் வகை. இவர்களில் பெரும்பாலோர் படுகர்கள். எஸ்டேட்டின் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயர் ஏறிய நிரந்தரத் தொழிலாளர்கள் இரண்டாம் வகை. எந்தப் பதிவிலும் பெயரில்லாமல் நாள் கூலிக்கோ கிலோக் கணக்குக்கோ கொழுந்து பறிப்பவர்கள் மூன்றாம் வகை. ஜார்க்கண்ட் போன்ற வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இப்போது இதில் உண்டு. மூவரும் அருகருகே உள்ள சரிவுகளில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். வரிச் சட்டமும் காப்புச் சட்டமும் மூவரையும் மூன்று விதமாக நடத்துகின்றன.

முதலில் வருமான வரி. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 46ஆவது பதிவு வேளாண் வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. அதைப் பயன்படுத்திச் சென்னை மாநிலம் 1955இல் தோட்டப் பயிர்களுக்கென்றே ஒரு வேளாண் வருமான வரிச் சட்டம் இயற்றியது. நெல் விளையும் சமவெளியை விட்டுவிட்டு முதலில் தோட்டங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது: தோட்டங்களிடம் கணக்குப் புத்தகம் இருந்தது. வரி எப்போதும் கணக்கு உள்ள இடத்தைத்தான் முதலில் தேடிப் போகிறது.

தோட்டத்தில் பறித்த இலையைத் தானே தூளாக்கி விற்கும் எஸ்டேட்டின் வருமானத்தில் வேளாண்மை எவ்வளவு, தொழில் எவ்வளவு என்ற கேள்விக்கு 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8ஆவது விதி விடை சொன்னது. 40 சதவீதம் தொழில் வருமானம், அதற்கு மத்திய அரசு வரி போடலாம். மீதி 60 சதவீதம் வேளாண் வருமானம். இலையை மட்டும் விற்கும் சிறு விவசாயியின் வருமானம் முழுவதும் வேளாண்மையே. அவருக்கு மத்திய வருமான வரி இல்லை. அவரிடம் இலை வாங்கும் தொழிற்சாலையின் லாபம் முழுவதும் தொழில் வருமானம்.

வேளாண் வருமானத்துக்கு நாடு முழுவதும் ஓர் ஒழுங்கான வரி வேண்டும் என்று கே.என். ராஜ் தலைமையிலான குழு 1972இல் பரிந்துரைத்தது. நிலத்தின் விளைதிறனை வைத்துப் பெரிய நிலவுடைமைகளுக்கு ஏறுவரிசையில் வரி விதிப்பது அதன் திட்டம். அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது அதன் சிறு துண்டு மட்டுமே: வேறு வருமானமும் உள்ளவரின் வரி வீதத்தைக் கணக்கிடும்போது வேளாண் வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படும். விவசாயிக்கு வரி இல்லை என்ற பொதுப் பேச்சின் நிழலில் பெரிய தோட்ட வருமானமும் சிறிய தோட்ட வருமானமும் ஒன்றாக நின்றுவிட்டன. 1972இல் தவறவிட்ட அந்த வாய்ப்பு ஒரு பெரிய இழப்பு. அந்த வரி வந்திருந்தால், முதியோருக்கான செலவைத் தாங்க மாநிலங்களுக்கு நேரடி வரியில் ஓர் ஊற்று கிடைத்திருக்கும்.

நேரடி வரி இல்லை என்பதால் சிறு விவசாயி வரியே கட்டவில்லை என்று நினைப்பது தவறு. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு வரி இல்லை. தேயிலைத் தூளுக்கு 5 சதவீதம். விலக்கு என்ற சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் ஜி.எஸ்.டி.யில் விலக்கு என்றால் விற்கும் பொருளுக்கு வரி வாங்க வேண்டியதில்லை என்பதோடு, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது என்று பொருள். மஞ்சூரில் ஒருவர் உர மூட்டை வாங்கும்போது விலைக்குள் 5 சதவீதம் வரி இருக்கிறது. மருந்து தெளிக்கும் பம்பு, பறித்த இலையைக் கட்டும் படுதா ஆகியவற்றின் விலையிலும் வரி உண்டு. இலை ஏற்றிப் போகும் பிக்கப் வண்டியின் டீசலுக்கு ஜி.எஸ்.டி. பொருந்தாது, அதற்கு மத்திய கலால் வரியும் மாநில மதிப்புக் கூட்டு வரியும் தனி. இவற்றில் ஒரு ரூபாயைக்கூட விவசாயி யாரிடமும் கழித்துக்கொள்ள முடியாது.

இலை தொழிற்சாலைக்குள் போனபின் நடப்பதையும் பார்க்க வேண்டும். நாலு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இலையில் ஒரு கிலோ தூள் கிடைக்கும். அந்தத் தூள் குன்னூர் தேயிலை ஏலத்தில் கிலோ 100 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் 5 ரூபாய் வரி. தொழிற்சாலை தன் இயந்திரத்துக்கும் பைக்கும் கட்டிய வரியை இந்த 5 ரூபாயில் கழித்துக்கொள்ளும். விவசாயி உரத்துக்குக் கட்டிய வரி அந்தக் கழிவில் வராது. அது இலையின் விலைக்குள் புதைந்துபோய், தூளின் விலையாக மாறி, மறுபடியும் வரிக்கு உள்ளாகிறது. வரியின் மேல் வரி விழுவதை ஒழிப்பதே ஜி.எஸ்.டி.யின் நோக்கம் என்று சொல்லப்பட்டது. மிகச் சிறிய உற்பத்தியாளர் நிற்கும் இடத்தில் அந்த நோக்கம் நிறைவேறவில்லை.

இந்த வரி யாருக்குப் போகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஜி.எஸ்.டி. விளையும் இடத்துக்கான வரி அல்ல, நுகரும் இடத்துக்கான வரி. குன்னூரில் ஏலம் போன தூள் கேரளத்திலோ மகாராஷ்டிரத்திலோ குடிக்கப்பட்டால் வரியில் பாதி மத்திய அரசுக்கும் பாதி அந்த மாநிலத்துக்கும் சேரும். நியாய விலைக் கடைகளில் விற்கும் ஊட்டி டீ போலத் தமிழ்நாட்டிலேயே குடிக்கப்படும் தேயிலையின் மாநிலப் பங்குதான் தமிழ்நாட்டுக்கு. மத்திய அரசின் பகிர்வு நிதியில் 15ஆவது நிதிக் குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்த பங்கு 4.079 சதவீதம். செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் மத்திய அரசு வசூலிப்பவை அந்தப் பகிர்வுக்குள் வருவதே இல்லை. கொழுந்து பறித்தவரின் முதுமையைத் தாங்க வேண்டிய பொறுப்பு மாநிலத்திடம் இருக்கிறது; அவர் பறித்ததன் மேல் விழும் வரியில் பெரும்பகுதி மாநிலத்துக்கு வெளியே போகிறது.

தொழில் வரி வேடிக்கையான கணக்கல்ல, வேதனையான கணக்கு. மஞ்சூர் அடங்கிய கீழ்குந்தா பேரூராட்சி போன்ற உள்ளாட்சிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வசூலிக்கும் வரி இது. அரை ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்கு மேல் போனால் வரி தொடங்குகிறது. அதாவது மாதம் 3,500 ரூபாய். நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்து மாதம் 26 நாள் வேலை செய்பவரின் அரை ஆண்டு வருமானம் 70,200 ரூபாய். அவர் மேலிருந்து இரண்டாவது அடுக்கில் வந்து நிற்கிறார். 75,000க்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரே தொகை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி போகக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து வரம்பு கட்டியிருக்கிறது. வருமான வரியிலோ 2025-26 முதல் புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. ஒரே நாட்டில் ஒரு வரி 12 லட்சத்தில் தொடங்குகிறது, இன்னொன்று 42,000 ரூபாயில் தொடங்குகிறது. கீழ் வரம்பை உயர்த்தி மேல் வரம்பைத் தளர்த்தினால் உள்ளாட்சிக்கு வருமானம் குறையாது. கூலிக்காரர் மட்டும் விடுபடுவார்.

இனி காப்பின் பக்கம். இந்தியாவில் சமூகப் பாதுகாப்பு முதலாளியின் பதிவேட்டோடு கட்டப்பட்டது. 1883இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி நோய்க் காப்பீட்டில் தொடங்கிய வழி இது: வேலை தருபவரும் செய்பவரும் பங்கு போட வேண்டும், பலன் வேலையைப் பொறுத்து வரும். தேயிலைத் தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இன்னொரு சுமையையும் சேர்த்தது. வீடு, மருத்துவமனை, பிள்ளை மடுவம் என்ற குழந்தைக் காப்பகம், குடிநீர் எல்லாம் எஸ்டேட்டின் பொறுப்பு. வேறு ஊர்களில் அரசு வரி வாங்கிச் செய்யும் வேலையை மலையில் ஒரு கம்பெனி செய்தது. இந்தச் சமூகச் செலவில் அரசும் பங்கேற்க வேண்டும் என்பது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி உள்ளிட்ட தோட்ட அதிபர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. அதில் நியாயம் இருக்கிறது; தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டின் கூரை ஒழுகுவதற்கு அது சாக்காக முடியாது என்பதும் உண்மை.

செக்ரோலில் பெயர் உள்ளவருக்குக் கிடைப்பதை எண்ணால் பார்க்கலாம். மேலே சொன்ன 450 ரூபாய்க் கூலியில் மாதம் 11,700 ரூபாய். பி.எஃப்.க்குத் தொழிலாளியின் 12 சதவீதம் 1,404 ரூபாய். எஸ்டேட்டும் அதே 1,404. எஸ்டேட்டின் பங்கில் 8.33 சதவீதம், ஏறத்தாழ 975 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்குப் பிரிந்துவிடும். மத்திய அரசு 1.16 சதவீதம், சுமார் 136 ரூபாய், சேர்க்கும். முப்பது ஆண்டு இடைவெளியில்லாமல் வேலை செய்து 58 வயதில் ஓய்வு பெற்றால், இருபது ஆண்டு தாண்டியவருக்குச் சேரும் இரண்டு ஆண்டுகளையும் கூட்டி, 32ஐ 11,700ஆல் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். மாதம் 5,348 ரூபாய். கிராஜுவிட்டி ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் 2,02,500 ரூபாய். இது முழுமையான வேலை வாழ்வுக்கான கணக்கு. கூலி குறைவாக இருந்த காலத்தில் ஓய்வு பெற்றவர்களும் இடையில் வேலை அற்றுப்போனவர்களும் 2014இல் வந்த குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாயை ஒட்டியே வாழ்கிறார்கள். வீடும் வேலையோடு சேர்ந்தது என்பதால் ஓய்வு நாள் அன்று கூலியோடு கூரையும் போகிறது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தொடங்கி, பிறகு டேன்டீ என்ற அரசுக் கழகமாகிய தோட்டங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. அவர்களுக்கு மலையில் சொந்த ஊர் கிடையாது, திரும்பிப் போகவும் இடம் கிடையாது.

எஸ்டேட் கட்டும் அந்த 1,404 ரூபாயை யார் சுமக்கிறார்? பாடப் புத்தகம் சொல்லும் விடை, கூலி உயர வேண்டிய அளவுக்கு உயராமல் நின்று தொழிலாளியே சுமக்கிறார் என்பது. நீலகிரியில் இதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. குன்னூர் ஏலத்தில் விற்கும் நீலகிரித் தூள் உள்நாட்டில் அசாம் தூளோடும் ஏற்றுமதியில் கென்யா, வியட்நாம் தூளோடும் போட்டி போடுகிறது. செலவு கூடியது என்று சொல்லி விலையைக் கூட்டிக் கேட்க இங்குள்ள விற்பனையாளரால் முடியாது. முன்னால் தள்ள முடியாத செலவு பின்னால் திரும்புகிறது. சட்டத்தின் எல்லைக் கோடுகள் அது திரும்பும் திசையைக் காட்டுகின்றன: தோட்டச் சட்டம் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால்தான் பொருந்தியது, பி.எஃப்.க்கு 20 ஆட்கள் வேண்டும். ஆகவே எஸ்டேட்டுகளில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பது குறைந்தது. பறிப்பு வேலை ஒப்பந்தக்காரரிடம் போனது. ஒரே நிரையில் முன்னால் பறிப்பவருக்குப் பி.எஃப். உண்டு, பின்னால் பறிப்பவருக்கு இல்லை.

சிறு விவசாயி இந்தக் கோடுகளுக்கு எப்போதும் வெளியேதான். குந்தாவில் 1962இல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தபோதும், 1965இல் அத்தகைய தொழிற்சாலைகளுக்கு இண்ட்கோசர்வ் என்ற இணையம் அமைந்தபோதும் விவசாயிக்குக் கிடைத்தது இலைக்கு ஒரு வாசல். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குப் பி.எஃப். உண்டு, தொழிற்சாலையின் உறுப்பினருக்கு முதுமைக் காப்பு எதுவும் இல்லை. சோவியத் சந்தை சரிந்தபின், தொண்ணூறுகளின் கடைசியில் இலை விலை விழுந்தபோது இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரிந்தது. தொழிலாளிக்கு வேலை போவது எப்படியோ, அப்படித்தான் விவசாயிக்கு விலை விழுவதும். தேயிலை வளர்ச்சிக் கணக்கில் போட்டுவைக்கும் தொகைக்கு லாபத்தில் 40 சதவீதம் வரை வருமான வரிக் கழிவு உண்டு. செடியை மறுநடவு செய்யச் சேமிக்க வரிச் சட்டம் இவ்வளவு இடம் கொடுத்தது. வருமான வரியே கட்டாத அரை ஏக்கர்க்காரருக்கு அந்தக் கழிவால் பயனில்லை.

2019இல் மத்திய அரசு இரண்டு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டங்களைக் கொண்டுவந்தது; ஒன்று அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு, மற்றது 2 ஹெக்டேர் வரை நிலமுள்ள விவசாயிகளுக்கு. 18 வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 200 ரூபாய். அதே அளவு அரசும் போடும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். 40 வயது தாண்டியவருக்குக் கதவு மூடியிருக்கிறது. இளையவர்கள் கீழே கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்ட ஊர்களில் தோட்டத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியவர்கள். 29 வயதில் சேர்பவர் மாதம் 100 ரூபாய் வீதம் 31 ஆண்டு கட்ட வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் அவர் கைக்கு வரும் 3,000 ரூபாயின் மதிப்பு இன்றைய 660 ரூபாய்தான். விலைவாசியோடு ஏறாத ஓய்வூதியம் ஏழைக்குக் கொடுத்த பாதி வாக்குறுதி.

மிச்சம் இருப்பது வரிப் பணத்திலிருந்து நேராகக் கொடுக்கும் வழி. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல், மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டு முதல் அது 1,200 ரூபாய். இதில் 60 முதல் 79 வயது வரையிலானவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். 2007இல் இருந்த அதே 200. ஆதரவற்றவருக்கு மட்டும் என்ற நிபந்தனை மலையில் தாறுமாறாக விழுகிறது. பெயரளவில் நிலம் இருக்கும். அது தாத்தா பெயரில் உள்ள கூட்டுப் பட்டாவில் பத்துப் பேரின் பங்கோடு கிடக்கும். அந்த நிலம் உதவித்தொகைக்குத் தடையாகிறது. தன் பெயரில் பட்டா இல்லை என்பதால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானிலும் சேர முடிவதில்லை. ஒரே நிலம், ஒரு திட்டத்தில் இருப்பதாகவும் இன்னொன்றில் இல்லாததாகவும் கணக்காகிறது. இதைவிட மோசம் பெண்ணின் நிலை. கணவர் வீட்டுத் தோட்டத்தில் நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர் அரசுப் பதிவில் விவசாயியும் அல்ல, தொழிலாளியும் அல்ல. உதவித்தொகை கிடைத்தாலும், காய்த்துத் தேய்ந்த விரலின் ரேகையை வங்கிக் கருவி ஏற்காமல் திரும்பும் நாட்கள் உண்டு.

இதனால்தான் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இந்த மலையில் பெரிய மாற்றம். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்செலவு 3,600 யூனிட்டுக்குள் என்ற வரம்புகள் இருந்தாலும், செக்ரோலையோ பட்டாவையோ கேட்காமல் மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்குக்கே வருகிறது. வறுமையை நிரூபி என்று கேட்பதற்கும், வசதி மிகுந்தவரை மட்டும் விலக்குவதற்கும் நிர்வாகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முதியோர் உதவித்தொகையும் இந்த முறைக்கு மாற வேண்டும்.

அதற்கான பணத்தைத் தேயிலைக்குத் தனிச் செஸ் போட்டு எடுக்கலாம் என்று ஒரு யோசனை சொல்லப்படுவதுண்டு. முன்மாதிரி இல்லாமல் இல்லை. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் செஸ் வாங்கிக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் நடக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பீடித் தொழிலாளர் நலனுக்கு ஒரு செஸ் இருந்தது. தேயிலைச் சட்டத்தின்படி தேயிலைக்கும் செஸ் இருந்தது. ஜி.எஸ்.டி. வந்தபோது 2017இல் கடைசி இரண்டும் போயின. மிஞ்சிய கட்டடச் செஸ்ஸைக் கட்டடம் கட்டுபவர் செலுத்தியே ஆக வேண்டும். அந்தச் செஸ்ஸை விலையில் ஏற்ற முடியும். தேயிலையில் முடியாது. ஏல விலை வெளியே முடிவாவதால், தூள் கிலோவுக்கு ஒரு ரூபாய் செஸ் என்றால் ஒரு கிலோ இலையின் விலையில் கிட்டத்தட்ட கால் ரூபாய் குறையும். விவசாயியிடமிருந்தே எடுத்து விவசாயிக்கே ஓய்வூதியம் கொடுத்ததாகும். விலை விழும் ஆண்டில் நிதியும் வற்றும். எனவே இந்தப் பணம் பொது வருவாயிலிருந்து, அதிலும் மேல் தட்டு நேரடி வரியிலிருந்து வருவதே பொருளியல்படி சரி. இலங்கைத் தோட்டங்களில் 1958 முதல் உள்ள சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8, கம்பெனி 12 சதவீதமும், 1980இல் வந்த நம்பிக்கை நிதிக்குக் கம்பெனி மேலும் 3 சதவீதமும் கட்டுகின்றன. பங்கு கூடியிருந்தும் அங்கேயும் பதிவில் இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1951ஆம் ஆண்டுத் தோட்டச் சட்டமும் பி.எஃப்., கிராஜுவிட்டிச் சட்டங்களும் அவற்றுக்குள் கரைந்துவிட்டன. தோட்ட அதிபர் விரும்பினால் தன் ஆட்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம் என்பது புதிய ஏற்பாடு. கூலியில் தொழிலாளி 0.75, கம்பெனி 3.25 சதவீதம் கட்டினால் மருத்துவப் பொறுப்பு எஸ்டேட்டிலிருந்து காப்பீட்டுக் கழகத்துக்கு மாறும். விருப்பம் அதிபருடையது, தொழிலாளியுடையது அல்ல. குந்தா போன்ற இடத்தில் இ.எஸ்.ஐ. மருந்தகமும் மருத்துவரும் வந்து அமர்ந்த பிறகே எஸ்டேட் மருத்துவமனையை மூட அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் கூலியில் பிடித்தம் இங்கே நடக்கும், சிகிச்சை கோவையில் இருக்கும்.